முதலாளி அமுக்கிய என்டர்

கேண்டீன் முனியம்மாக்கா கீபோர்டின் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டுச் சந்தனம், அதன்மேல் ஒரு பொட்டுக் குங்குமம், பிறகு அடுத்த பட்டன். ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்கிற பக்தி. நான் பக்கத்தில் நின்று, ஓரத்தில் மட்டும் வையுங்கள் அக்கா, உள்ளே இறங்கிவிடும் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரஸ்ஸுக்கு வைத்தாயிற்று, லேத்துக்கு வைத்தாயிற்று, கேண்டீன் கிரைண்டருக்குக்கூட வைத்தாயிற்று, இது மட்டும் என்ன பாவம் பண்ணியது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மானிட்டருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பிரிண்டருக்கு ராயக்கோட்டைச் சாமந்தியில் மாலை. மாலையின் நுனி சரியாகப் பேப்பர் வெளியே வருகிற வாயில் தொங்கியது. யாரும் பார்க்காத நேரத்தில் அதை மட்டும் இழுத்து மேலே போட்டேன். ஆயுத பூஜை நாளில் சாமி மாலையில் கை வைத்தால் சும்மா விடுவார்களா?

ஓசூர் சிப்காட்டில் இருந்தது அந்தக் கம்பெனி. தகடு வெட்டி, வளைத்து, ஓட்டை போட்டு, வண்டி செய்யும் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகமாக அனுப்பும் சின்ன இடம். அங்கே நான் கம்ப்யூட்டர் ட்ரெயினி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். "கம்ப்யூட்டரு" என்றால் நான். மெஷினைச் சொன்னால் "கம்ப்யூட்டர் பொட்டி".

அந்தச் சந்தனம் அப்பிய கீபோர்டில், இன்னும் சற்று நேரத்தில், நான் ஓசூரில் இருப்பதா ஊருக்குத் திரும்புவதா என்பது முடிவாக இருந்தது. மிகைப்படுத்துகிறாள் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அடி, ஒரு பீஸ்

எங்கள் முதலாளி சென்னியப்பன் ஐயா கொங்குப் பக்கத்துக்காரர். எதையும் மெஷின் முன்னால் நின்றுதான் முடிவு செய்வார். ஆயுத பூஜையன்று ஒவ்வொரு மெஷினுக்கும் கற்பூரம் காட்டியதும், அந்த மெஷின் ஒரே ஒரு முறை ஓட வேண்டும். தகடு அடிக்கும் பிரஸ் ஒரு அடி, இரும்பு கடையும் லேத் ஒரு பீஸ். வெளியே வரும் அந்தப் பீஸை அங்கேயே அளந்து பார்ப்பார்கள். சரியாக இருந்தால் பிள்ளையார் படத்தின் முன்னால் வைப்பார்கள். அதை ஓட்டியவர் ட்ரெயினி என்றால், அந்த இடத்திலேயே பர்மனென்ட். தவறாக இருந்தால் அடுத்த ஆயுத பூஜைவரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது அடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

முந்தின வருஷம் லேத்தில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. பீஸ் ஒரு மயிரிழை சிறுத்துவிட்டது. மனுஷர் அழாத குறையாக நின்றார், முதலாளி தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

அளக்கிறவர் இன்ஸ்பெக்டர் வெங்கடேசலு. பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. மில்லிக் கணக்கில் அளக்கும் வெர்னியரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி வைத்திருப்பார். அவர் பீஸ் நல்லது என்றால் நல்லது, இல்லை என்றால் இல்லை. முதலாளியே சொன்னாலும் மாற்ற மாட்டார். மாற்றாததால்தான் முதலாளி அவரை வைத்திருந்தார்.

கம்பெனியில் இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு தடவை பிரஸ்ஸில் ஆப்பரேட்டர் குனிந்திருந்தபோது, பக்கத்தில் நின்றவர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று பட்டனை அமுக்கிவிட்டார். விரல் தப்பியது தெய்வாதீனம். அன்று முதலாளி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எல்லாப் பிரஸ்ஸின் மேலும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பெயின்ட்டில் எழுதிவிட்டார்கள். பட்டன் அமுக்குகிறவர்தான் ஆப்பரேட்டர், வருகிற பீஸுக்கு அவர்தான் பொறுப்பு.

எனக்கும் இந்தச் சட்டங்களுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நான் நிம்மதியாக இருந்தேன். என்னிடம் பிரஸ்ஸா இருக்கிறது? ஆனால் பூஜைக்கு ஒரு மாதம் முன்பு முதலாளி என் அறைக்கு வந்து கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தார். இதுவும் கரண்டில் ஓடுகிற மெஷின்தானே, அப்போது நீயும் ஆப்பரேட்டர்தானே, பூஜையன்று இதுவும் ஒரு பீஸ் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மவுஸைத் தொடக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை. அவரைப் பொறுத்தவரை மவுஸ் என்பது விளையாட்டுச் சாமான்.

போர்வெல் மாப்பிள்ளை

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. அப்பா என்னைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினார், ஓசூரில் ஹாஸ்டலில் தங்கவும் விட்டார். அதுவே பெரிய விஷயம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் ஒரு கெடு உண்டு. தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆனால் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம்.

மாப்பிள்ளையும் தயார். போர்வெல் லாரி வைத்திருக்கிறார். நல்லவர்தான், குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்தபோது, எங்கள் தோப்பில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்தாரா என்பதே எனக்கு இன்றுவரை சந்தேகம்.

எனக்கு அப்போது கல்யாணம் வேண்டாம். அதை அப்பாவிடம் நான் சொல்லாமல் இல்லை. மாங்காய்க்கு மருந்து அடிக்கும்போது சொன்னேன், பஸ் ஏறும்போது சொன்னேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அப்பா என்ன சொல்வார் தெரியுமா? "அவளுக்கு ரொம்ப சந்தோசங்க, வெக்கப்பட்டுக்கினு சொல்ல மாட்டேங்கறா." நான் ஒன்று சொல்ல, அது அப்பா வாயில் புகுந்து வேறொன்றாக வெளியே வரும்.

சொன்னதைச் சொல்லும் கட்டளை

போன வாரம் இதே பத்தியில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். சூளகிரியிலிருந்து ஒரு வாசகி சண்டைக்கு வந்துவிட்டார். அதே ஹாஸ்டலில் தானும் இருந்ததாகவும், சாம்பாரில் பருப்பு மிதந்தது என்று நான் எழுதியது அப்பட்டமான பொய் என்றும் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன் தாயே, அது பருப்பில்லை. இன்றைக்குச் சாப்பாட்டு விஷயமே வேண்டாம், கட்டளைக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக் கடை மாடியில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டர். கீழே சொர்ரென்று குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே எங்களுக்கு முதல் பாடம் எக்கோ, எதிரொலி மாதிரி ஒரு கட்டளை. கறுப்புத் திரையில் எக்கோ என்று அடித்து, ஒரு இடம் விட்டு, நம் பெயரை அடித்து என்டர் தட்டினால் அடுத்த வரியில் நம் பெயர் வரும். அவ்வளவுதான். என்ன கொடுத்தோமோ அதுவே திரும்ப வரும். இதற்கா ஐயா மத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தேன் என்று முதல் நாள் மனம் விட்டுப்போனது.

அதே வரியைத் திரைக்குப் பதில் பிரிண்டருக்கு அனுப்ப, ஒரு அம்புக்குறி போட்டுப் பிரிண்டரின் பெயரைச் சேர்க்க வேண்டும். எங்கள் சார் அம்புக்குறியை முதலில் போட்டுவிட்டு வாசகத்தைக் கடைசியில் அடிப்பார். எனக்கும் அதுவே கையில் ஊறிவிட்டது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் அம்புக்குறி கடைசியில்தானே வரும் என்று தபால் போட வேண்டாம். எப்படிப் போட்டாலும் ஓடும்.

ஆக, பூஜைக்கு என் மெஷின் கொடுக்கப்போகும் பீஸ் எது என்பது தெளிவாகிவிட்டது. ஒரு எக்கோ. ஒரு வரி.

பேருக்கு டாலரன்ஸ் கிடையாது

அந்த ஒரு வரி என்ன என்பதில்தான் கம்பெனியே இரண்டுபட்டது. பிரஸ் ஆப்பரேட்டர் மஞ்சுநாத் அத்திப்பள்ளிக்காரர். கன்னடத்தில் போட்டால்தான் எல்லைக்கு அந்தப் பக்கமும் புண்ணியம் கிடைக்கும் என்றார். செக்யூரிட்டி, கம்பெனிக்குள் வரும்போது தலைக்கவசம் கழற்றவும் என்று போடச் சொன்னார். ஆயுத பூஜைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சொன்னால் யாரும் கேட்பதில்லை, கம்ப்யூட்டர் சொன்னாலாவது கேட்பார்களே என்றார். எங்கள் பிரிண்டருக்கு ஆங்கில எழுத்தைத் தவிர எதுவும் தெரியாது என்று நான் சொன்னதும் இரண்டு பேருக்கும் என்மேல் மரியாதை குறைந்துவிட்டது.

கடைசியில் ஸ்ரீ விநாயகர் துணை என்பதை ஆங்கில எழுத்தில் அடிப்பது என்று முடிவானது. பிள்ளையாரை யாரும் எதிர்க்க முடியாது அல்லவா?

அப்போது வெங்கடேசலு வந்தார். டிராயிங் எங்கே என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. எந்தப் பீஸானாலும் டிராயிங் இல்லாமல் தான் அளக்க முடியாது என்றார். ஒரு வரி எழுத்துக்கு என்ன சார் டிராயிங் என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. வரைபடத் தாளில் அந்த வரியை எழுதி, இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வரும், எழுத்து எவ்வளவு உயரம் என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். கூடக்குறைய எவ்வளவு விடுவீர்கள் என்று கேட்டேன். மனுஷர் உண்மையாகவே யோசித்தார்.

"ஓரத்துக்கு அர மில்லி விடலாம். பேருக்கு டாலரன்ஸ் கெடையாது."

கற்பூரம் எரிகிறது

சரி, பூஜைக்கு வருவோம். பிரஸ் எல்லாம் முடிந்து கூட்டம் என் அறைக்கு வந்தது. அறை என்ன அறை, பலகைத் தடுப்பு. பாதிப் பேர் உள்ளே, மீதிப் பேர் தடுப்புக்கு மேலே தலை மட்டும். முனியம்மாக்கா கையில் கற்பூரத் தட்டு. ராகு காலம் தொடங்கப்போகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முதலாளி மற்ற மெஷின்களின் முன்னால் கைகட்டித்தான் நின்றார். இங்கே மட்டும் ஆர்வம் தாங்காமல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் நான் எதை அடித்தாலும் கடைசியில் வலது பக்கத்துப் பெரிய பட்டனைத் தட்டுவேன் என்பதைத் தெரிந்துவைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

எக்கோ அடித்தேன். அம்புக்குறி, பிரிண்டர் பெயர், ஒரு இடம். இனி வாசகம்தான். ஸ்ரீக்கு எஸ். அமுக்கினேன், இறங்கவில்லை. சந்தனம் காய்ந்து சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

என் கை நின்றதைப் பார்த்த முதலாளி முடிந்துவிட்டது என்று நினைத்தார். "ஆச்சுங்களா அம்மிணி" என்று கேட்டார். கேட்டாரே தவிர பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் தோளுக்கு மேலே ஒரு கை வந்தது, மோதிரம் போட்ட விரல் என்டரை அமுக்கியது.

பிரிண்டர் கிர்ரென்று ஒரு வரி அடித்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். மஞ்சுநாத் பேப்பரைக் கிழித்து உரக்கப் படித்தார்.

எக்கோ இஸ் ஆன்.

சொல்வதற்கு எதுவுமே கொடுக்காமல் எக்கோவைத் தட்டினால் அது தன் நிலவரத்தைச் சொல்லும். நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது அதன் அர்த்தம். பாவம், அதன்மேல் என்ன தப்பு?

"இதென்னங் அம்மிணி, பிள்ளையாரு பேரைக் காணோம்?" என்றார் முதலாளி.

நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று, அத்தனை பேர் முன்னால், பூஜை நேரத்தில், முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் வேலை இருக்காது. சொல்லாவிட்டால் போர்வெல் லாரி. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மெஷின் ஆன்ல இருக்குன்னு சொல்லுதுங்கய்யா."

"அது எனக்கே தெரியுதுங்களே. லைட்டு எரியுதல்ல."

தடுப்புக்கு மேலிருந்த தலைகள் சிரித்தன. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அதற்குள் வெங்கடேசலு முன்னால் வந்துவிட்டார். ஒரு கையில் என் டிராயிங், ஒரு கையில் அந்தப் பேப்பர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓரத்தை வெர்னியரால் அளந்தார். ஓரம் சரியாக இருந்தது. அதற்காக ஒரு தலையாட்டல். பிறகு பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்தார். எங்கள் கம்பெனியில் சிவப்புச் சீட்டு கட்டினால் அந்தப் பீஸ் கழிவு.

அப்போது வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சந்தனத்தின்மேல், முனியம்மாக்காமேல், அந்த மோதிர விரல்மேல், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காத எல்லோர்மேலும். நான் செய்யாத தப்புக்கு நான் ஊருக்குப் போக வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்காதபடி குனிந்து எஸ்ஸைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

ஆப்பரேட்டர் யாரு

வெங்கடேசலு சீட்டில் எழுதிக்கொண்டே, "ஆப்பரேட்டர் பேரு?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டருதான், வேற யாரு என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

"பட்டன் அமுக்குனது யாருன்னு கேக்கறேன்."

மஞ்சுநாத் மேலே மின்விசிறியைப் பார்த்தார். செக்யூரிட்டி கேட்டுக்குப் போய்விட்டார். முனியம்மாக்காவுக்கு மட்டும் இதில் என்ன வம்பு என்றே தெரியவில்லை. தட்டைப் பிடித்தபடி, பெருமையாகவே சொன்னார்.

"ஐயாதான் அமுக்குனாரு. எங்கண்ணால பாத்தேன்."

வெங்கடேசலு தலையாட்டிவிட்டு, முதலாளியின் பெயரை எழுதினார். பிறகு நிமிர்ந்து, மரியாதையாக, இனிஷியல் என்னங்கய்யா என்று கேட்டார்.

முதலாளி இனிஷியலைச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது என்று நினைக்கிறேன். அவர் போட்ட சட்டம், அவர் வாங்கிக் கொடுத்த பெயின்ட், மூன்று பாஷை. எங்கே போவார்?

"அப்ப நானு ஃபெயிலுங்களா?"

"பீஸு ஃபெயிலுங்கய்யா. நீங்க அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

முந்தின வருஷம் லேத்காரரிடமும் இதையே, இதே குரலில்தான் சொல்லியிருந்தார். கிண்டல் துளியும் இல்லை. இருந்திருந்தால் முதலாளிக்குக் கோபம் வந்திருக்கும். இல்லாததால் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் வயிறு குலுங்கியது, பிறகு தோள், பிறகு சத்தம். அவர் சிரித்த பிறகுதான் நாங்கள் மூச்சுவிட்டோம்.

"அப்ப இந்தப் புள்ள இன்னும் ஓட்டவே இல்லீல்ல" என்றார். ஓட்டவில்லை என்று வெங்கடேசலு உறுதிசெய்தார். முதலாளி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தடுப்புவரை தள்ளிப் போய் நின்றார்.

முனியம்மாக்கா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அவர் வைத்த சந்தனத்தை அவர் ஊக்காலேயே குத்தி எடுத்தேன். எஸ் இறங்கியது. புதுக் கற்பூரம் ஏற்றினார்கள். ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். துணையில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்றோ என்று மூன்று தரம் படித்தேன். ராகு காலம் வந்தாலும் வரட்டும் என்று நிதானமாக, நானே, என்டரைத் தட்டினேன்.

வெங்கடேசலு அளந்தார். தெலுங்கில் முணுமுணுத்து எழுத்தெழுத்தாக எண்ணினார். பச்சைச் சீட்டு கட்டினார்.

முதலாளி தட்டில் வைத்து ஸ்வீட் டப்பாவும் புதுத் துணியும் கொடுத்து, நாளையிலிருந்து நீ நம்மாளு என்றார். பிரித்துப் பார்த்தால் எட்டு முழ வேட்டி. மெஷின் முன்னால் அதுவரை ஒரு பெண்ணுக்கும் பர்மனென்ட் கொடுத்ததில்லையாம், யாருக்கும் புடவை வாங்கத் தோன்றவில்லை. நான் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டேன்.

உரக்கடைக்கு ஒரு போன்

ஹாஸ்டலுக்குப் போகும் வழியில் எஸ்.டி.டி. பூத். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து உரக்கடைக்குத்தான் போட வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டு வந்தார்கள். பர்மனென்ட் ஆகிவிட்டது என்றேன். என்ன செய்து கொடுத்தாய் என்று கேட்டார். ஒரு வரி பிரிண்ட் எடுத்தேன் என்றேன்.

ஒரு வரிக்கா என்று நம்பாமல் கேட்டார். அந்த வரியைக் கம்ப்யூட்டரே யோசித்து எழுதியதா என்றும் கேட்டார்.

"இல்லப்பா. நான் சொன்னத அது அப்படியே சொல்லுச்சி. கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல."

கடையில் யாரோ யூரியா மூட்டைக்குப் பேரம் பேசுவது கேட்டது. பூத்தில் காசுக் கணக்குக் காட்டும் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அப்பா பேசினார்.

"மாப்ள வீட்டுக்காரங்க நாளைக்கு வர்றாங்க, அரசி. நான் என்னா சொல்லட்டும்?"

அவர் அப்படி என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்பா. நான் வேலைக்குப் போறேன்."

"சரி" என்றார் அப்பா. "அப்படியே சொல்லிடறேன்."